கமரா எமது கைக்கும் வரட்டும்

"வயலுமில்லை, வரம்புமில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கமரா எதற்கு, சுவாமி?"

இளைஞர்களைச் சிறு குழுக்களாகத் தீவுகளுக்கு அழைத்துச் சென்று, நிலக்காட்சிகளையும் அங்கு வாழும் பறவைகள் விலங்குகளையும் படம் பிடிக்கப் பழக்க வேண்டும் என்று சொல்லும் இடங்களிலெல்லாம் இக்கேள்வி எழுகின்றது. கேட்பவர்கள் பெரும்பாலும் கமக்காரர்கள். சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் காணியில் கூலிக்கு நிற்பவர்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. விதைநெல்லுக்குக் கடன்படும் குடும்பத்திடம் கமராவைப் பற்றிப் பேசுவது, பசித்தவனுக்குப் பூமாலை சூட்டுவது போலத் தோன்றலாம்.

எனினும் இப்பயிற்சி எமது மக்களுக்கு வேண்டியது என்பதே எனது கருத்து. அது பொழுதுபோக்கு அன்று. வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரிய கலையும் அன்று. நிலத்தை விட்டுப் பிரிக்கப்பட்ட ஒரு சமூகம், நிலத்தைப் பார்க்கும் கண்ணையாவது இழந்துவிடாமல் இருக்க அது ஒரு வழி. ஏன் அப்படிச் சொல்கின்றேன் என்பதை இங்கு விளக்க விரும்புகின்றேன்.

இதுவரை எம்மைப் படம் பிடித்தவர்கள்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் உள்ள படங்கள் எவை? அடையாள அட்டைக்கு எடுத்த படம், பதிவுக்காகக் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எடுத்த படம், பிள்ளையின் முதல் நன்மைப் படம், காலமான ஒருவரின் படம். பலரிடம் அதுவும் இல்லை. ஓடும்போது எல்லாம் விடுபட்டுப் போயின.

ஆனால், எம்மைப் பற்றிய படங்கள் உலகில் குறைவில்லை. 2009 இல் மனிக்பாம் முகாமில் இலட்சக்கணக்கானோர் கம்பி வேலிக்குள் இருந்தபோது எடுக்கப்பட்ட படங்கள் எத்தனை நாடுகளில் அச்சாகின! தண்ணீர் வாளியுடன் வரிசையில் நின்ற தாய்மார், தறப்பாளின் கீழ் இருந்த முதியவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை. அப்படங்களால் உதவி வந்தது உண்மை. அதை மறுப்பது நன்றியன்று. ஆயினும் அப்படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் எத்தனை ஏக்கர் வயல் செய்தார்கள், எந்தக் குளத்து நீரில் பயிர் வளர்த்தார்கள் என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை. நாம் எப்போதும் கமராவுக்கு முன்னால் நின்றோம். அதற்குப் பின்னால் நிற்க எவரும் எம்மை அழைக்கவில்லை.

பின்னால் நிற்பவனே எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கின்றான். தன்னைப் பற்றியும் தன் மண்ணைப் பற்றியும் தானே தீர்மானிப்பது மானிட மாண்பின் ஒரு பகுதி.

ஏன் நெடுந்தீவு?

பயிற்சிக்கு உகந்த இடங்கள் வடக்கில் பல உண்டு. மன்னார்த் தீவு உண்டு. 2008 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010 இல் றம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற வங்காலை ஈரநிலம் உண்டு. மாரியில் பூநாரைகள் வந்து நிற்கும் சுண்டிக்குளம் உண்டு. ஆயினும் முதற் பயிற்சிக்கு நான் நெடுந்தீவையே முன்மொழிவேன்.

காரணம், கமக்காரரின் பிள்ளை அங்கு பார்ப்பவற்றுள் பாதி ஏற்கெனவே அறிந்தவை. பனங்கூடல், பட்டி மாடு, ஆடு, கிணறு, காணி எல்லை. மீதிப் பாதி புதியவை. சாந்து இல்லாமல் முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை செல்கின்றன. தடித்த அடியோடு நிற்கும் பெருக்குமரம் உண்டு. பழைய கோட்டையின் இடிபாடு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டவெளியில் கட்டாக்காலியாகத் திரியும் நூற்றுக்கணக்கான மட்டக்குதிரைகள் உண்டு. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை அவை என்பர். 2015 இல் அத்தீவின் 1,846 ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ 4,560 ஏக்கர் பரப்பு, தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நன்னீர் அரிதான சுண்ணக்கல் தீவு அது. கோடையில் மனிதனும் மாடும் குதிரையும் ஒரே நீரை எதிர்பார்த்து நிற்கும் இடம். இயற்கை வேறு, மனித வாழ்வு வேறு என்று அங்கு எவரும் பிரித்துப் பார்க்க முடியாது. படம் பிடிக்கப் போகும் பிள்ளை இதைக் கண்ணாலேயே காணும்.

வெளிச்சத்துக்கும் பருவம் உண்டு

குறிகட்டுவானில் காலையில் படகேறி, பின்னேரம் திரும்பிவிடுவதே பெரும்பாலான சுற்றுலாப் பயணிகளின் வழக்கம். அவர்கள் தீவில் நிற்கும் நேரம் உச்சி வெயில் நேரம். அந்நேரத்து வெளிச்சம் மேலிருந்து நேராக விழும். நிழல் காலடியில் ஒடுங்கும். வெளி வெளுத்துப் போகும். குதிரை கறுத்துப் போகும். அப்படி எடுத்த படங்களைப் பார்ப்பவர், அத்தீவு வரண்டு கிடக்கும் தரிசு என்றே எண்ணுவார்.

சூரியன் எழுந்த முதல் ஒரு மணித்தியாலமும் மறைவதற்கு முந்திய ஒரு மணித்தியாலமும் வேறு. வெளிச்சம் சாய்ந்து வரும். கல்வேலியின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே தெரியும். புல்லின் நுனி ஒளிரும். குதிரையின் பிடரி மயிர் பொன்னிறமாகும். அந்த நேரம் தீவில் வாழ்பவர்களுக்கும், இரவு தங்குபவர்களுக்கும் மட்டுமே கிடைக்கும். ஒரு நிலத்தின் மிக நல்ல முகம், அங்கே விடிந்து அங்கே பொழுதுபடுபவனுக்கே தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை. ஆகவே பயிற்சி இரண்டு இரவுகளாவது தங்குவதாக அமைய வேண்டும்.

விதைப்புக்குப் பருவம் இருப்பதுபோல் படத்துக்கும் பருவம் உண்டு என்றால் எமது பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். மற்றப் பாடங்களும் அப்படியே. கடலும் வானமும் சந்திக்கும் கோடு, வரம்பு கட்டுவதுபோல் நேராக இருக்க வேண்டும். அது படத்தின் நடுவே ஓடாமல் மேலேயோ கீழேயோ ஓடினால் நன்று. வெளியை மட்டும் எடுத்தால் படம் வெறுமையாக இருக்கும். அருகில் ஒரு கல்லோ பனங்கன்றோ இருந்தால் தூரம் எவ்வளவு என்பது பார்ப்பவருக்குப் புரியும். வளைந்து செல்லும் கல்வேலி பார்ப்பவரின் கண்ணைக் கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்லும்.

இவற்றுக்கு விலை உயர்ந்த கமரா தேவையில்லை. நிலக்காட்சிக்குச் சாதாரணக் கைத்தொலைபேசி போதும். திரையில் பிரகாசமான இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் வானம் வெளுக்காது. வெள்ளைக் கொக்கை எடுக்கும்போதும் இவ்வாறே செய்தால் இறகின் வரிகள் அழியாமல் இருக்கும்.

விலங்குகளையும் பறவைகளையும் எடுக்க மட்டும் தூரத்தை அண்மையாக்கும் லென்ஸ் பூட்டிய கமரா வேண்டும். குழுவுக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் மாறி மாறிப் பயன்படுத்தலாம். நடக்கும் குதிரைக்கு 1/250 செக்கன் வேகம் போதும். ஓடும் குதிரைக்கும் பறக்கும் பறவைக்கும் 1/1000 செக்கனோ அதற்கு மேலோ வேண்டும். நிலக்காட்சி எடுக்கும்போது உள்ளே வெளிச்சம் புகும் துவாரத்தைச் சிறிதாக்கினால், அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள பனையும் ஒருங்கே தெளியும். அப்போது வெளிச்சம் குறைவதால் கமராவைக் கல்லின் மேலோ முக்காலியிலோ அசையாமல் வைக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு நாளில் சொல்லிக் கொடுக்கலாம்.

சொல்லிக் கொடுக்க முடியாதது பொறுமை. அதைக் குதிரைதான் கற்பிக்கும். எட்டி நடந்து போனால் அது விலகிப் போகும். ஓரிடத்தில் தாழ இருந்தால், அரை மணித்தியாலத்தில் அது மேய்ந்துகொண்டு தானாக அருகே வரும். முன்னைய நாளில் ஒரு பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்கலாம். அக்காலத்து ஒழுங்கை நான் இன்றும் பரிந்துரைப்பேன். ஒரு நாளைக்கு 36 படங்கள், அதற்குமேல் இல்லை. அப்போதுதான் பிள்ளை பொத்தானை அழுத்துமுன் பார்க்கப் பழகும்.

வானத்துப் பறவைகளைப் பாருங்கள், வயல்வெளி மலர்களைக் கவனியுங்கள் என்று ஆண்டவர் கூறியதை நாம் கவலையை விடச் சொன்ன ஆறுதல் வார்த்தையாக மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் அங்கு வரும் கிரேக்கச் சொற்கள் சற்று வலிமையானவை. பறவைகளைப் பற்றிய சொல் உற்று நோக்குவதைக் குறிக்கும். மலர்களைப் பற்றிய சொல் நன்றாகக் கற்றறிவதைக் குறிக்கும். நிலமற்ற ஏழைகள் பலர் நின்ற கூட்டத்துக்கே ஆண்டவர் அதைச் சொன்னார். உற்றுப் பார்ப்பதும் கற்பதும் ஏழைகளுக்கு வேண்டாத ஆடம்பரம் என்று அவர் கருதவில்லை.

படத்துக்காகத் துன்புறுத்தலாகாது

இப்பயிற்சியில் ஒழுக்கம் தொழில் நுட்பத்துக்கு முன்னே கற்பிக்கப்பட வேண்டும். ஓடும் படம் வேண்டும் என்பதற்காகக் குதிரையைக் கலைப்பது, குட்டியுடன் நிற்கும் தாயை நெருங்குவது, கிட்டே வருவதற்காகத் தின்பண்டம் போடுவது ஆகிய மூன்றும் கூடாது. கோடையில் நீர்நிலைக்கு வரும் விலங்கின் வழியில் நிற்கவும் கூடாது. அன்றைய தண்ணீரை அது குடியாமல் திரும்பினால், எமது படத்தின் விலையை அது செலுத்துகின்றது.

கூடுகளை நெருங்குவது எல்லாவற்றிலும் கொடியது. மன்னாருக்கு அப்பால் இராமர் அணையின் மணல் திட்டுகளில் ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. மனிதர் கால் வைத்தால் தாய்ப்பறவை எழும்பிவிடும். சில நிமிட வெயிலில் முட்டை பழுதாகிவிடும். அப்பகுதி 2015 முதல் தேசிய பூங்கா. அனுமதியின்றிப் போவது சட்டப்படியும் குற்றம். அவ்வாறே, வன்னியில் மீளக் குடியமர்ந்த ஊர்களில் யானையைக் கைத்தொலைபேசியில் எடுக்க நெருங்குவது உயிரோடு விளையாடுவது. நல்ல படம் என்பது விலங்கும் மனிதனும் பத்திரமாகத் திரும்பிய பின் மிஞ்சும் படம். பாதுகாப்புப் படையினரின் முகாம்களையும், அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதையும் தவிர்க்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீவின் முதியவர் ஒருவரையோ, தண்ணீர் சுமக்கும் பெண்ணையோ கேட்காமல் எடுக்கக் கூடாது. பெயர் கேட்டு, அனுமதி பெற்று, எடுத்ததைக் காட்டி, முடிந்தால் ஒரு பிரதியும் கொடுக்க வேண்டும். எம்மை எப்படியெல்லாம் எடுத்தார்கள் என்று எமக்குத் தெரியும். அதையே நாம் இன்னொருவருக்குச் செய்தால், கமரா கை மாறியதே தவிர வேறெதுவும் மாறவில்லை.

காணிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இனி எமது கமக்காரரின் கேள்விக்கு நேரடியாக வருகின்றேன்.

வலிகாமம் வடக்கில் 1990 இல் வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர் இன்றும் தமது செம்மண் தோட்டங்களுக்குத் திரும்பவில்லை. இரணைதீவு மக்கள் 1992 இல் தீவை விட்டு வெளியேறி, 2018 சித்திரை 23ஆம் திகதி வெள்ளைக் கொடிகளுடன் படகுகளில் தாமாகவே சென்று இறங்கினர். அவ்வாண்டுகளின் நடுவில் பிறந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். 1992 இல் பிறந்த குழந்தைக்கு 2018 இல் 26 வயது. அப்பாவின் வாய்மொழியில் மட்டுமே அது ஊரைப் பார்த்திருக்கும். திரும்பும் நாள் வரும்போது கிணறு தூர்ந்திருக்கும், எல்லை மரம் விழுந்திருக்கும், பற்றை மூடியிருக்கும். எங்கே வாய்க்கால் ஓடியது, எது கிழக்கு எல்லை என்று காட்ட ஒரு முதியவர் உயிருடன் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

நிலத்தைப் படம் பிடிக்கப் பழகிய பிள்ளை இவ்விடத்தில் வேறுபட்டு நிற்கும். காணியைப் பார்க்க ஒரு நாள் அனுமதி கிடைத்தாலும், எதை எடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். கிணற்றை நான்கு புறமும் எடுக்கும். எல்லைப் பூவரசையும் அதற்கு அப்பாலுள்ள கோயிற் கூரையையும் ஒரே படத்தில் அடக்கும். குளக்கட்டை மாலை வெளிச்சத்தில் எடுத்தால் அதன் மேடு பள்ளம் தெளியும் என்று அறிந்திருக்கும். திகதியையும் இடத்தையும் எழுதி வைக்கும். படம் காணி உறுதி ஆகாது, அனுமதிப்பத்திரமும் ஆகாது. ஆயினும் உறுதியுடனும் அயலவர் சாட்சியத்துடனும் சேர்ந்து, நினைவு தடுமாறும் இடத்தில் அது கைகொடுக்கும்.

இரண்டாவது பயன் இன்னும் பெரிது. 2015 இல் மட்டும் நெடுந்தீவு, இராமர் அணை, சுண்டிக்குளம், மடு வீதி ஆகிய நான்கும் வடக்கில் தேசிய பூங்காக்களாகின. இயற்கையைக் காப்பது நல்லது. 2015 இல் வெளியான "லவ்தாத்தோ சீ" சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் பூமியின் குரலையும் ஏழைகளின் குரலையும் ஒன்றாகவே கேட்கும்படி எம்மை வேண்டினார். ஆனால், எல்லைக்கல் நடும் இடங்களில் பல தடவை ஏழையின் குரல் கேட்பதில்லை. மேய்ச்சல் தரை எது, பழைய வயல் எது, காடு எது என்பதில் மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் பிணக்கு எழுகின்றது. அங்கே நாம் "எங்கள் காணி" என்று மட்டும் சொல்லி நின்றால், இயற்கைக்கு எதிரிகள் என்ற பெயர் எமக்குக் கிடைக்கும். அவ்வெளியில் எந்தப் பறவை எந்த மாதம் வருகின்றது, எந்த மடுவில் மாடும் மானும் நீர் குடிக்கின்றன, எங்கே எங்கள் பாட்டன் கட்டிய கட்டு இருக்கின்றது என்று படத்துடன் எழுந்து சொல்லக்கூடிய பிள்ளை ஊரில் இருந்தால், பேச்சின் போக்கே மாறும். காட்டுயிரை அறிந்தவனிடமிருந்து காட்டுயிரின் பெயரால் நிலத்தை எடுப்பது எளிதன்று.

பிழைப்பைப் பற்றியும் கேட்பீர்கள். கமரா பிடித்த எல்லோரும் அதனால் சோறு உண்பார்கள் என்று நான் கூறமாட்டேன். அப்படி ஆசை காட்டுவது பாவம். சிலர் வழிகாட்டிகளாகலாம். சிலர் கலியாண வீட்டுப் படங்களால் ஒரு வருமானம் தேடலாம். ஆயினும் பயணத்தில் செலவாகும் பணமாவது படகுக்கும் சாப்பாட்டுக்கும் வழிகாட்டலுக்குமாகத் தீவு மக்களின் கையிலேயே சேர வேண்டும்.

செய்யக்கூடியது

எனது முன்மொழிவு சிறியது. ஒவ்வொரு பங்கிலும் பன்னிரண்டு இளைஞர் யுவதிகளைக் கொண்ட குழுவொன்று அமையட்டும். அவர்களோடு படம் எடுக்கத் தெரிந்த ஒருவர், தீவைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர், பழைய ஊரை நன்கறிந்த மூத்த கமக்காரர் ஒருவர் என மூவர் செல்லட்டும். மூன்றாமவர் இல்லாமல் போகவே கூடாது. செடியின் பெயரையும் மண்ணின் குணத்தையும் சொல்ல அவரால்தான் முடியும். மாரி மழை ஓய்ந்து, வெளி பசுமையாக இருக்கும் தை, மாசி மாதங்கள் பொருத்தமானவை. வலசைப் பறவைகளும் அப்போது இருக்கும்.

திரும்பியதும் ஒவ்வொருவரும் தமது படங்களுள் பத்தை மட்டும் தெரிந்து, அச்சிட்டு, முகாம் மண்டபத்திலோ பாடசாலையிலோ தொங்கவிடட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், திகதி, செடி அல்லது விலங்கின் ஊர்ப்பெயர் ஆகியன தமிழில் எழுதப்படட்டும். பெயர் தெரியாதவற்றை மூத்தோர் வந்து சொல்லட்டும். அதன் பின், போக அனுமதி உள்ள இடங்களில், தத்தம் குடும்பக் காணிகளை அவர்கள் இதே கண்ணோடு எடுக்கட்டும். ஒரு பிரதி வீட்டிலும், ஒரு பிரதி பங்கு அலுவலகத்திலும் இருக்கட்டும்.

அன்பார்ந்த கமக்காரப் பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் விட்டுச் செல்ல எண்ணிய நிலம் இன்று உங்கள் கையில் இல்லாதிருக்கலாம். அதைப் பார்க்கும் கண் உங்களிடம் இருக்கின்றது. மேகத்தைப் பார்த்து மழையையும், புல்லைப் பார்த்து மண்ணையும், மாட்டின் நடையைப் பார்த்து அதன் நோயையும் அறிந்த கண் அது. அக்கண்ணை அடுத்த தலைமுறைக்குக் கொடுங்கள். அதற்கு ஒரு கமரா உதவுமானால், அது அவர்களின் கைக்கு வரட்டும்.